வந்து சேராத நாயகன்

தென்காசி ரதவீதியில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் அய்யாக்குட்டியின் மகன் குற்றாலிங்கத்துக்கு மெட்ராஸிலிருந்து மறுபடியும் ஒரு தபால் கார்டு வந்தது. முதலில் படித்தவர் தபால்காரர். அடுத்து எதிர்க்கடை வெற்றிலைக்காரர். அதற்கடுத்து அப்பா. குற்றாலிங்கத்தின் கைக்கு அது வந்து சேர்ந்தபோது வீதியில் பாதிப்பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

“நாயகன் இன்னும் வரவில்லை. வந்தபின் அனுப்பவும்.”

கீழே ‘வெண்முகில் மாத நாவல்’ ஆசிரியர் முத்துக்குமாரசாமியின் கையெழுத்து.

“யாருலே அது? எங்கன போயிருக்கான்?” என்று அய்யாக்குட்டி கேட்டார்.

குற்றாலிங்கம் கார்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். முன்பு வந்த கார்டுகளிலும் இதே வரிதான். முதல் கார்டை அவனே நியாயம் என்று ஒத்துக்கொண்டிருந்தான். ‘நெஞ்சில் விழுந்த அருவி’ என்ற அவனுடைய நாவலில் நாயகன் ஆனந்த் வருவதற்கு முன்னால் குற்றாலத்துச் சாரல் வந்தது, மேகம் வந்தது, குரங்கு வந்தது, மறுபடியும் சாரல் வந்தது. நாயகன் வந்தபோது வாசகன் நனைந்து விறைத்திருப்பான். ஆகவே அடுத்த தடவை ஆனந்தை முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தான். ஆறடி உயரம், அகன்ற நெற்றி, சுருள்முடி எல்லாம் கொடுத்தான். அதே கார்டு வந்தது. இந்தத் தடவை முதல் வரியிலேயே, கோட்டும் சூட்டுமாகத் தென்காசி ரயிலடியில் இறக்கிவிட்டிருந்தான். அதற்கும் இதே கார்டுதான். இதற்கு மேலும் முன்னால் வரவேண்டுமென்றால் ஆனந்த் அட்டைக்குத்தான் வரவேண்டும்.

எண்பத்து நாலாம் வருஷத்துச் சீசன் அப்போது மும்முரமாக இருந்தது. ஊரெல்லாம் சாரலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, குற்றாலிங்கம் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரணம் புனலூர். அங்கே அவனுடைய மாமாவுக்குக் கயிறு மண்டி இருந்தது. மகனை அங்கே அனுப்புவதென்று அய்யாக்குட்டி ஆனி மாதமே முடிவு செய்துவிட்டார். ஆடியில் புதிதாக ஒன்றையும் தொடங்கக்கூடாது என்று அம்மா வடிவம்மாள் குறுக்கே விழுந்ததால்தான் அவன் இன்னும் தென்காசியில் இருந்தான்.

“ஆவணி பொறக்கதுக்குள்ள அந்த மெட்ராஸ்காரன் சரின்னு சொல்லிட்டாம்னா இங்கனயே கெட. எழுது, கிழி, என்னமும் செய்யி. இல்லைன்னா மொத முகூர்த்தத்துல ரயிலேறு” என்று அய்யாக்குட்டி சொல்லியிருந்தார். “அங்கன எல்லாம் எடைதான். ஒனக்கு அதுதான் லாயக்கு.”

எடைக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று குற்றாலிங்கம் கேட்கவில்லை. அப்பா பேசும்போது அவன் ஆனந்தின் தலைமுடியை எந்தப் பக்கம் வகிடெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

வடிவம்மாளுக்கு வேறு கவலை. “அந்த ஆனந்துக்கு அப்பா அம்மா உண்டுமாலே?”

“இருப்பாங்கம்மா.”

“இருப்பாங்கன்னா? நீதானலே எழுதுத? ஒனக்கே தெரியாதா?”

இந்த நிலைமையில்தான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் குமாஸ்தாவாக இருந்த கிச்சா சைக்கிளில் வந்து சேர்ந்தான். கல்லூரியில் குற்றாலிங்கத்தோடு ஒரே பெஞ்சில் தூங்கியவன்.

“டேய், உன் எடிட்டர் எங்க லாட்ஜ்லதாண்டா இறங்கியிருக்கார். மாடி ரூம். ரெஜிஸ்டர்ல பேரைப் பார்த்தேன்.”

“இப்பமே வாரேன்.”

“வந்து? ரூம்ல ஒருத்தரையும் பார்க்க மாட்டார். நேத்திக்கு ஒருத்தர் கவிதை கொண்டுவந்தார். தலைவலின்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளே உக்காந்து நேந்திரங்கா சிப்ஸ் சாப்பிடறார். மெட்ராஸ் ஆபீஸ்லயும் மொதப் பக்கத்துக்கு மேல புரட்ட மாட்டாராம்.”

“அப்பம் எங்கன வச்சுப் பிடிக்கது?”

கிச்சா கொஞ்சம் யோசித்தான். “எண்ணெய்க் கல்லுல” என்றான்.

அதைவிடச் சரியான இடம் திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. பேரருவிக்குப் பக்கத்தில் பாறைகளில் ஆட்களை உட்காரவைத்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார்கள். தேய்த்து முடித்ததும் எழுந்து போய்விட முடியாது, எண்ணெய் ஊறவேண்டும். அதுவரை கோவணத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, தெற்கு வடக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். கலெக்டரே ஆனாலும் அந்த அரைமணி நேரம் அவர் எவர் சொல்வதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

“ஆனா பேப்பர் கொண்டுபோகாதே. வடை மடிக்கத்தான் ஆகும்” என்று கிச்சா எச்சரித்தான்.

பேப்பர் தேவைப்படவில்லை. முதல் பக்கத்தை எத்தனையோ தடவை எழுதியதில் அது குற்றாலிங்கத்துக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவன் சட்டை, வேட்டி, சோடாபுட்டிக் கண்ணாடி மூன்றையும் கிச்சாவிடம் கொடுத்துவிட்டுப் பாறைக்குப் போனான். சட்டை போட்டவனை எண்ணெய்க் கல்லில் எவரும் மதிப்பதில்லை. எண்ணெய் தேய்க்கும் சங்கரபாண்டி அவன் தலையில் ஒரு கை எண்ணெயை அறைந்து, தேய்த்து, முதுகில் ஒரு போடு போட்டு, “போயி ஊறும்” என்று தள்ளிவிட்டான். கண்ணாடி இல்லாமல் குற்றாலிங்கத்துக்குப் பாறை முழுவதும் பளபளவென்று பழுப்பு உருண்டைகளாகத் தெரிந்தது. கிச்சா முன்பே இடம் சொல்லியிருந்த உருண்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“சார், வணக்கம்.”

“யாரு?” கண் திறக்காமலே கேட்டார் முத்துக்குமாரசாமி.

“உங்க வாசகன் சார்.”

“வாசகன் கோவணத்தோட வரமாட்டான். எழுத்தாளன்தானே?”

“ஆமா சார்.”

முத்துக்குமாரசாமி எழுந்து ஓட வழியிருக்கிறதா என்று யோசித்ததுபோல இருந்தது. பாறை வழுக்கும். எண்ணெய் அதைவிட வழுக்கும். “சரி, சொல்லுங்க. மொதப் பக்கம் மட்டும்” என்றார்.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதற்காக உரக்கவே ஆரம்பித்தான்.

“அதிகாலை. தென்காசி ரயில் நிலையம். பனித்திரையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்ற ரயிலிலிருந்து ஓர் இளைஞன் இறங்கினான்—”

“எந்த ஊரு?” என்று கேட்டது ஒரு குரல்.

கேட்டவர் ஆசிரியர் இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் ஊறிக்கொண்டிருந்த ஒரு பெரிய உருண்டை.

“ஊர் பின்னால வரும்” என்றான் குற்றாலிங்கம்.

“ஊரு எப்பிடிவே பின்னால வரும்? ஆளு ஊர்லேருந்துதான வருவான்?”

குற்றாலிங்கம் அதைக் காதில் வாங்காமல் மேலே போனான். “ஆறடி உயரம். அகன்ற நெற்றி. ஆஜானுபாகு—”

“அப்பிடின்னா?”

“முழங்கால் வரைக்கும் நீண்ட கைகள்.”

“கொரங்கா?” என்றது இன்னொரு குரல். இது கொஞ்சம் கீச்சுக்குரல், இடதுபுறத்திலிருந்து வந்தது. “இங்கனதான் நெறையக் கெடக்கே. ரயில்ல வேற வரணுமாக்கும்?”

“மனுசன்தான். பேரு ஆனந்த்.”

“ஆனந்துன்னு இந்தப் பக்கம் எவன் பேரு வைக்கான்? வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவாவ?”

“கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி, கதை சொல்லுதேன்ல?”

“நாங்களும் கதையத்தான கேக்கோம்? ஆளு ஆருன்னு தெரியாம அவன் பின்னால எப்பிடிப் போவ முடியும்? நீரு போவீரா?”

குற்றாலிங்கம் ஆசிரியரைப் பார்த்தான். அவர் உதவிக்கு வரவில்லை. கண் மூடியபடியே, “கேக்கறாங்க, சொல்லுங்களேன்” என்றார்.

சொல்லிவிட்டால் தொந்தரவு தீரும் என்று குற்றாலிங்கம் நினைத்தான். “பண்பொழி” என்றான்.

பெரிய உருண்டை நிமிர்ந்து உட்கார்ந்தது. “பண்பொழியா? நான் பண்பொழிலா. யாரு மவன்? எந்தத் தெரு?”

“திருமலைக் கோயிலுக்குப் போற ரோட்டுல…”

“அந்த ரோட்டுல இந்தக் கடேசியிலேருந்து அந்தக் கடேசி வரைக்கும் எனக்குத் தெரியாத வீடு இல்லை. கோட்டு போட்ட பய எவனும் கெடையாது.”

“அப்பம் பண்பொழி இல்லை. அச்சன்புதூர்.”

“ஏம்வே, எங்க ஊரு என்ன சத்திரமா?” என்று கீச்சுக்குரல் பாய்ந்தது. “பண்பொழியில தள்ளினவனை எங்க ஊர்ல கொண்டுவந்து எறக்குதீரு. அச்சன்புதூர்ல ஆனந்தும் இல்லை, கீனந்தும் இல்லை.”

“ஆய்க்…” என்று வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து, “ஆய்க்குடிக்காரன் இங்க ரெண்டுபேரு கெடக்கோம், பாத்துக்கிடும்” என்று குரல் வந்தது. சங்கரபாண்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டான். பாறை முழுவதும் ஒரு ஆள் யார் என்று தெரியாமல் தவித்தது.

“தென்காசி” என்றான் குற்றாலிங்கம். பெரிய ஊர். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

“தென்காசில எங்கன?” என்றார் பண்பொழிக்காரர்.

“ரதவீதி.”

“ரதவீதில?”

வேறு எந்தக் கடையும் ஞாபகத்துக்கு வரவில்லை. “கயித்துக்கடை” என்று வாயிலிருந்து விழுந்துவிட்டது.

பாறையில் ஒரு நிம்மதி பரவியது.

“அத மொதல்லயே சொல்லப்படாதா!” என்றார் அச்சன்புதூர்க்காரர். “அய்யாக்குட்டி அண்ணாச்சி மவன்! அவனையா ஆனந்து கோனந்துன்னு சுத்தி வளைக்கீரு?”

“ஒமக்குத் தெரியுமா?” என்றார் பண்பொழிக்காரர்.

“தெரியுமாவா? வருசா வருசம் அவங்கிட்டத்தான் எனக்குக் கெணத்துக்கயிறு. அப்பங்காரன் சாப்பிடப் போற நேரம் பாத்துல்லா போவோம்.”

“அது என்னத்துக்கு?”

“பாகக் கணக்குல்லா? ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். அய்யாக்குட்டிக்குக் கட்டைக்கை. அவரு அளந்தா வாளி பாதிக் கெணத்துல தொங்கும். இந்தப் பயலுக்குக் கை பனைமட்டை கணக்கா நீளம். அதும்போக மடியில ஒரு பொஸ்தகம் விரிச்சுக் கெடக்கும். அதைப் பாத்துக்கிட்டே அளப்பான். ரெண்டு பாகம் அளந்திருப்பான், பக்கத்தைப் புரட்டுவான், எதுல விட்டோம்னு தெரியாது. திரும்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பான். எங்க ஊர்ல அவன் அளந்த கயித்துல கெணத்துக்குப் போக மிஞ்சினதுல மாடும் கட்டிக் கொடியும் கட்டியிருக்கோம்.”

பாறை சிரித்தது.

“அண்ணாச்சிக்குத் தெரியாதாக்கும்?” என்றார் பண்பொழிக்காரர்.

“தெரியாமலா பயலைப் புனலூருக்குப் பத்தி விடுதாரு? அங்கன மண்டியில எடைக் கணக்கு. கை நீளமா இருந்தா என்ன, கால் நீளமா இருந்தா என்ன? பய போமாட்டேன்னு நிக்கானாம். கதை எழுதுதானாம்லா! மெட்ராஸ்லேருந்து கார்டு வருது, ஆளு இன்னும் வரலைன்னு. இவன் யாரை வரச்சொல்லி எழுதுதான்னு தெருவுல ஒருத்தருக்கும் வெளங்கலையாம்.”

எடைக்கும் தனக்கும் உள்ள சம்பந்தம் குற்றாலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் எண்ணெயைப்போல ஊறி உள்ளே இறங்கியது. ஆனந்தின் அகன்ற நெற்றியும் கோட்டும் சூட்டும் ரயிலடியிலேயே நின்றுவிட்டன. எழுந்து நின்றான்.

“அதெல்லாம் பொய்!” என்று கத்தினான். “அவன் ஒண்ணும் அப்பிடிப்பட்டவன் இல்லை!”

கத்தியபோது இரண்டு கையையும் விரித்துவிட்டான்.

சிரிப்பு அப்படியே நின்றது. பாறை முழுவதும் அந்தக் கைகளைப் பார்த்தது. வெயில் பட்டு எண்ணெயில் மின்னிக்கொண்டு, ஒன்று அருவிப் பக்கமும் மற்றது கடைத்தெருப் பக்கமும் நீண்டிருந்தன.

அச்சன்புதூர்க்காரர் முகத்து எண்ணெயை வழித்துவிட்டு எட்டிப் பார்த்தார். “இதே கைதான்” என்றார். குரல் இறங்கிவிட்டது. “தம்பி, நீருதானா? கண்ணாடி இல்லாம அடையாளம் தெரியலையே. அப்பாட்ட ஒண்ணும் சொல்லிராதேயும், என்ன?”

முத்துக்குமாரசாமி ஒரு கண்ணைத் திறந்தார். எண்ணெய் உள்ளே போய் அந்தக் கண் சிவந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“வந்துட்டான்” என்றார்.

அருவியில் நின்றுவிட்டு வந்து அவர் தலை துவட்டும்போது, குற்றாலிங்கம் பக்கத்தில் கைகளை முடிந்த அளவு மடக்கிக்கொண்டு நின்றான். கண்ணாடி போட்டிருந்தான். ஆசிரியருக்கு ஒரு கண் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

“ஆனந்தை அதே ரயில்ல திருப்பி அனுப்பிடுங்க. இந்தக் கயிறு அளக்கிற பையனை வச்சு எழுதுங்க. நான் போடறேன்.”

குற்றாலிங்கத்துக்குக் காது அடைத்தது அருவியாலா என்று தெரியவில்லை. ஆவணி பிறக்க இன்னும் நாளிருந்தது. தப்பித்தாயிற்று. “ரொம்ப நன்றி சார்!”

“புனலூர்ல என்ன ஆகறது அவனுக்கு?”

“அவன் போகலை சார். போகாம இருக்கத்தான் கதையே எழுதறான்.”

“போகாம?”

“இங்கேயே இருக்கான்.”

“இருந்து?”

குற்றாலிங்கம் யோசித்தான். இருந்து கயிறு அளப்பான். சாப்பிடுவான். மறுபடியும் கயிறு அளப்பான். “ஒருநாள் அருவிக்கரையில ஒரு பொண்ணைச் சந்திக்கறான் சார். அவ கூந்தல்ல—”

“பார்த்தீங்களா? கோட்டைக் கழட்டிட்டு ஆனந்தே திரும்பி வர்றான்” என்றார் முத்துக்குமாரசாமி. துண்டை உதறினார். “எடைக்குக் கயிறு விக்கிற இடத்துல, இவ்வளவு நீளக் கையை வச்சுக்கிட்டு ஒருத்தன் என்ன பண்ணுவான்? எனக்கு அது தெரியணும். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“போய்ப் பார்த்துட்டு எழுதுங்க. தை மாசத்து நாவல் உங்களுது. போகலைன்னா கார்டு போடறேன்.”

கார்டில் என்ன இருக்கும் என்று குற்றாலிங்கம் கேட்கவில்லை. ரதவீதிக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அய்யாக்குட்டி கல்லாவில் இருந்தார். “என்னலே, எண்ணெய் வடியுது? மெட்ராஸ்காரனைப் பாத்தியா?”

“பாத்தேன். சரின்னுட்டாரு.”

அய்யாக்குட்டியின் முகம் சுருங்கியது. பேச்சு பேச்சுதான். “அப்பம் இங்கனயே கெட” என்றார்.

“இல்லப்பா. புனலூர் போறேன்.”

“சரின்னு சொன்னா இங்கன, இல்லைன்னா அங்கன. அதானலே பேச்சு?”

“அதாம்பா. ஆனா நான் அங்கன போனாத்தான் சரிங்காரு.”

அய்யாக்குட்டி வெகுநேரம் யோசித்தார். கடைசியில், அந்த மெட்ராஸ்காரன் ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

“அந்த ஆனந்து?” என்று உள்ளேயிருந்து வடிவம்மாள் கேட்டாள்.

“ஊருக்குப் போயிட்டாம்மா.”

“எந்த ஊருக்குலே?”

ஆவணி முதல் முகூர்த்தத்தில், புனலூர் வழியாகப் போகும் கொல்லம் பாசஞ்சருக்குப் புறப்படுகிற அன்று, சாப்பாடு முடித்துவிட்டு அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். அய்யாக்குட்டி தன் கையால் ஒரு பாகம் கயிறு அளந்து வெட்டி, மகனுடைய படுக்கையைச் சுருட்டிக் கட்டப் பார்த்தார். முடிச்சுப் போட நுனி போதவில்லை. இழுத்துப் பார்த்தார். முழங்காலை வைத்து அழுத்தியும் பார்த்தார். பிறகு மகனிடம் தலையை ஆட்டினார். குற்றாலிங்கம் ஒரு பாகம் அளந்து வெட்டிக் கொடுத்தான். முடிச்சும் விழுந்து, தூக்குவதற்குப் பிடியும் மிஞ்சியது. அப்பா தன் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

அப்போதுதான் அச்சன்புதூர்க்காரர் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். சட்டை போட்டிருந்தார். படுக்கையையும் டிரங்குப் பெட்டியையும் பார்த்ததும் முகம் வெளிறியது.

“தம்பி கெளம்பிட்டாரா? இன்னைக்கேவா?”

“சாயங்கால வண்டிக்கு” என்றார் அய்யாக்குட்டி.

“கெணத்துக்கயிறு வேணும் அண்ணாச்சி. ஒரு பதினஞ்சு பாகம்.” கொஞ்சம் தயங்கினார். “இருவதாவே இருக்கட்டும்.”

கயிற்றுச் சுருள் அய்யாக்குட்டியின் காலடியில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அச்சன்புதூர்க்காரர் கூரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், குற்றாலிங்கத்தின் கைகளை மட்டும் பார்க்காமல் இருந்தார். குற்றாலிங்கத்தின் மடியில் அன்றைக்குப் புத்தகம் இல்லை.

அய்யாக்குட்டி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீ அளந்து குடுலே. நான் போயிச் சாப்பிட்டுட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் சாப்பிட்டுக் கழுவிய கையில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.